சொந்தக் கணினியில் ஓடும் சோலர் தேடல், கிளவுட் தளத்திலிருந்து மட்டும் 403 (அனுமதி மறுப்பு) பிழை

சிப்புட்காரன் · சுங்கை சிப்புட் · சனி, இரவு 9.40

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வாசிப்பறை உண்டு. நான்கு ஆண்டுகளாக நாங்கள் ஐந்து பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பழைய தாள்களை ஸ்கேன் செய்து வருகிறோம். திருவிழா அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியைக் கடுதாசி, தோட்டப் பள்ளி ஆண்டு மலர், ஒரு கிராணியார் (தோட்டக் கணக்கர்) வீட்டுப் பரணில் கிடந்த செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகம், துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்கிறோம். இன்றைக்கு 11,400 தாள்கள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, உரை, ஊர், குறிப்பு என நான்கு புலங்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம்.

தேடலுக்கு சோலர் 9 என்ற தேடல் சர்வர் மென்பொருள். சிங்கப்பூரில் மாத வாடகைக்கு எடுத்த 1 ஜிபி சர்வரில் ஓடுகிறது. சோலரின் ஹீப் (அதற்கு ஒதுக்கிய நினைவகம்) 512 எம்பி, ஆக அந்தச் சர்வரில் வேறு எதையும் ஏற்ற மனசில்லை. வாசகர் பார்க்கும் பக்கம் ஃபிளாஸ்க் என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதியது. அது இலவசக் கணக்கு தரும் ஒரு பைத்தான் கிளவுட் தளத்தில் இருக்கிறது. (பெயர் வேண்டாம், இது அவர்கள் மேல் புகார் இல்லை.) நடுவில், பைத்தானிலிருந்து சோலரைக் கேட்கும் பைசோலர் லைப்ரரி.

மடிக்கணினியில் எல்லாம் ஓடுகிறது. அதே நிரலை அந்தத் தளத்தில் ஏற்றினால் "சர்வரோடு இணைக்க முடியவில்லை" என்று விழுகிறது. பைசோலரைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பார்த்தேன். சோலரைத் திரும்ப நிறுவினேன். ஒன்றும் மாறவில்லை. லைப்ரரிக்கும் அந்தத் தளத்துக்கும் ஒத்துவரவில்லையா? வேறு லைப்ரரி பார்க்கவா?

பால்மரம் · கூலிம் · சனி, இரவு 10.15

வணக்கம் அண்ணே. லைப்ரரியை மாற்றாதீர்கள், அது பாவம். பைசோலர் உள்ளுக்குள் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை வைத்து ஒரு எச்டிடிபி முகவரியைக் கூப்பிடுகிறது, ஜேசன் வடிவில் வந்த பதிலைப் பிரித்துத் தருகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. உலாவி ஒரு பக்கத்தைத் திறப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, சோலரின் முகவரியை எப்படி எழுதியிருக்கிறீர்கள், போர்ட் (வாசல் எண்) உட்பட. இரண்டு, பிழைச் செய்தி முழுசாக, கடைசி வரி வரை. மூன்று, அந்தத் தளத்தின் கன்சோலில் நின்றுகொண்டு பைசோலர் இல்லாமல் வெறும் ரிக்வெஸ்ட்ஸால் உங்கள் சர்வரைக் கூப்பிட்டால் என்ன வருகிறது.

சிப்புட்காரன் · ஞாயிறு, காலை 7.05

நன்றி தம்பி. முகவரி எச்டிடிபிஎஸ், என் டொமைன், போர்ட் 8983. சோலரிலேயே சான்றிதழ் போட்டு வைத்திருக்கிறேன்.

வெறும் ரிக்வெஸ்ட்ஸிலும் அதே பிழைதான். முழுச் செய்தியை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன்: ப்ராக்ஸி (இடைநிலைச் சர்வர்) பிழை, டன்னல் இணைப்பு தோல்வி, 403 தடை. தளத்தின் உதவிப் பக்கத்தில், இலவசக் கணக்கிலிருந்து வெளியே போகும் இணைப்பு எல்லாம் அவர்கள் ப்ராக்ஸி வழியாகத்தான், அதுவும் அனுமதிப் பட்டியலில் உள்ள தளங்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. ப்ராக்ஸியைத் தவிர்த்து நேராகப் போகச் சொன்னால் இணைப்பே மறுக்கப்படுகிறது.

செம்பனை நிழல் · தெலுக் இந்தான் · ஞாயிறு, காலை 9.30

இங்கே இரண்டு தடை ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் தடை அனுமதிப் பட்டியல். அதற்குத் தளத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், வேறு வழி இல்லை. பொதுப் பயனுக்கான தளம், தமிழ் ஆவணத் தேடல் என்று விளக்கி எழுதுங்கள்.

இரண்டாவது போர்ட். எச்டிடிபிஎஸ் முகவரியை ப்ராக்ஸி வழியாகக் கூப்பிடும்போது நிரல் முதலில் "இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு ஒரு டன்னல் போட்டுக் கொடு" என்று கேட்கும். அதற்குப் பெயர் கனெக்ட். ஸ்க்விட் ப்ராக்ஸியோடு வரும் இயல்பு அமைப்பில் கனெக்டுக்கு எச்டிடிபிஎஸ்ஸின் வழக்கமான போர்ட்டான 443 ஒன்றுக்குத்தான் அனுமதி. அதனால் பட்டியலில் உங்கள் டொமைன் ஏறினாலும் 8983 என்று கேட்டால் அதே 403 திரும்ப வரலாம். பல ப்ராக்ஸிகள் இந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன.

சான்றிதழைக் கழற்றிவிட்டு வெறும் எச்டிடிபியில் 8983க்குப் போனால் அதே ஸ்க்விட் அமைப்பு விட்டுவிடும், 1025க்கு மேல் உள்ள போர்ட்டுகளை அது பாதுகாப்பானதாகவே எண்ணுகிறது. ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். கடவுச்சொல் வெட்டவெளியில் போகும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். 8983ஐ இணையத்துக்குத் திறந்தா வைத்திருக்கிறீர்கள்? சோலர் 9 இயல்பாக 127.0.0.1இல், அதாவது அதே கணினிக்குள் மட்டும்தான் கேட்கும், நீங்கள்தான் மாற்றியிருக்க வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது சோலர் 7.4.0 முதல் 8.11.0 வரை அதில் மாட்டியது. 2019இல் வெலாசிட்டி டெம்ப்ளேட் வழியாக அந்நியர் நிரல் ஓட்டக்கூடிய ஓட்டை ஒன்று இருந்தது. உங்கள் பதிப்பு இவற்றுக்குப் பிந்தையது, சரி. ஆனாலும் சோலரின் நிர்வாகக் கதவைத் தெருவைப் பார்த்து வைக்கக்கூடாது. நான்கு வருட உழைப்பு உள்ளே இருக்கிறது.

செய்ய வேண்டியது: சோலரை மறுபடி 127.0.0.1க்குள் அடைத்து விடுங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் வலைச் சர்வரை 443இல் நிறுத்துங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம். உங்கள் தொகுப்பின் செலக்ட் (தேடல்) பாதையை மட்டும் உள்ளே அனுப்பி மற்ற எல்லாப் பாதையையும் மூடுங்கள். ஒரு கடவுச்சொல் போடுங்கள், பைசோலரில் அதற்கு ஆத் என்ற இடம் இருக்கிறது. ஐபி முகவரியை வைத்துப் பூட்டலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தளத்திலிருந்து வெளியே வரும் முகவரி ஆயிரம் பேருக்குப் பொது.

கெடாக்காரன் · சுங்கை பட்டாணி · ஞாயிறு, மாலை 4.20

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 11,400 தாள்களுக்கு ஒரு தேடல் சர்வர், அதற்கு மாத வாடகை, முன்னால் என்ஜின்எக்ஸ், சான்றிதழ், தளத்திடம் அனுமதிக் கடிதம். இவ்வளவு தேவையா? எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எஃப்டிஎஸ்5 என்ற தேடல் வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரே கோப்பு. ஃபிளாஸ்க் பக்கத்தில் அதே தளத்தில் வைத்துவிடலாம். வலை இணைப்பே கிடையாது, எனவே ப்ராக்ஸியும் கிடையாது. இந்த அளவுத் தரவுக்குக் கண் இமைக்கும் முன் பதில் வரும். சங்கத்தில் நாளைக்கு ஆள் மாறினாலும் ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்தால் போதும்.

தமிழுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். அதன் யூனிகோட்61 என்ற சொல் பிரிப்பான் இயல்பாக எழுத்து, எண் வகைகளைத்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்த வகையில் வராது, அதனால் "தோட்டம்" என்ற சொல்லைப் புள்ளிக்கும் காலுக்கும் உடைத்துத் துண்டாக்கிவிடும். அட்டவணை உருவாக்கும்போது வகைகள் என்ற அமைப்பில் எம்சி, எம்என் என்ற குறி வகைகள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். பலர் இதைத் தெரியாமல் எஃப்டிஎஸ்5க்குத் தமிழ் வராது என்று விட்டுவிடுகிறார்கள்.

சிப்புட்காரன் · ஞாயிறு, இரவு 8.50

செம்பனை அண்ணே, 8983 திறந்துதான் கிடந்தது. உங்கள் பதிவைப் படித்தவுடன் மூடிவிட்டேன். பெரிய உதவி.

கெடா அண்ணே, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் தொடங்கினேன். நின்றது இரண்டு இடத்தில். வாசிப்பறைக்கு வருபவர்கள் பேச்சில் வருகிற மாதிரியே தட்டச்சு செய்கிறார்கள். தோட்டத்தில், தோட்டத்து, தோட்டத்துக்கு என்று எந்த உருபோடும் வரும். சோலருக்கு அடியில் இருக்கும் லூசீன் லைப்ரரியில் 9ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ப் பகுப்பான் சேர்ந்திருப்பதால் சோலர் 9இல் அந்த வேர்ச்சொல் வடிகட்டியைப் போட முடிகிறது. உரைப் புலத்துக்கு மட்டும் போட்டிருக்கிறேன். ஊர்ப் புலத்தில் போடவில்லை, போட்டால் பெயரையும் வெட்டிவிடும்.

இரண்டாவது ஊர்ப்பெயர். தாளில் ஒரு பெயர், இன்றைக்கு வழக்கில் ஒரு பெயர், தோட்டத்து மக்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. 1948 ஜூன் 16 எல்பில் தோட்டத்து நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் எத்தனை குடும்பம் இடம் மாறியது என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் தேடும்போது தாத்தா சொன்ன பெயரைத்தான் போடுகிறார்கள். இணைச்சொல் பட்டியல் இல்லாமல் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அந்தப் பட்டியலை நிரலைத் தொடாமல் மாற்ற வேண்டும், அது சோலரில் எனக்கு எளிதாக இருக்கிறது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகமும் இதே சர்வரைக் கேட்டுத் தேடப் போகிறது.

ஆனால் சர்வர் விழுந்தால் காட்ட எஸ்கியூலைட் கோப்பு ஒன்று வைத்துக்கொள்கிறேன். எம்சி, எம்என் விஷயம் எனக்குப் புதுசு, அதற்கு நன்றி.

தைப்பிங் மழை · தைப்பிங் · திங்கள், காலை 6.30

தம்பி, லைப்ரரி மேல் சந்தேகப்பட்டாயே, அதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய கதையைச் சொன்னால் இனி வேறு லைப்ரரி எடுக்கும்போது உதவும்.

2008 ஏப்ரலில் கூகுள் ஆப் எஞ்சின் என்ற கிளவுட் தளம் வந்தபோது அதில் பைத்தான் மட்டும்தான். 2009இல் ஜாவா வந்தது. நம் நிரல் தானாக ஒரு சாக்கெட்டை (நேரடி வலை இணைப்பை) திறக்க அங்கே அனுமதி இல்லை. வெளியே போக யூஆர்எல் ஃபெட்ச் என்று ஒரே ஒரு கதவு. பைத்தானில் எச்டிடிபிலிப், யூஆர்எல்லிப் இரண்டையும் அவர்களே உள்ளுக்குள் அந்தக் கதவுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ஆகவே அவற்றை நம்பி எழுதிய தேடல் லைப்ரரிகள் பெரும்பாலும் ஓடின. ஜாவாவில் சோலருக்கான சோல்ஜே லைப்ரரி வேறு மாதிரி. அது அப்பாச்சி எச்டிடிபிகிளையன்ட் மேல் நின்றது, அது நேராக சாக்கெட்டைத் தொடும். தளம் அனுமதித்த வகுப்புகளின் பட்டியலில் சாக்கெட் இல்லை. நிரல் தொகுப்பாகும், தளத்தில் ஏறும், முதல் தேடலில் விழும். போர்ட் தடைகூட அங்கே இல்லை: 80 முதல் 90, 440 முதல் 450, 1024 முதல் 65535 வரை விட்டார்கள், 8983 அதற்குள் வந்துவிடும். ஆனாலும் ஓடாது. காத்திருக்கும் நேரமும் இயல்பாக 5 விநாடிதான். பின்னாளில் சாக்கெட் வந்தபோதும் கட்டணக் கணக்குக்கு மட்டும்.

அப்போது இரண்டு வழியில் போனார்கள். சிலர் எச்டிடிபிகிளையன்ட்டின் அடியில் இருக்கும் இணைப்புப் பகுதியை மட்டும் கழற்றி, யூஆர்எல் ஃபெட்ச் வைத்து எழுதிச் செருகினார்கள். மற்றவர்கள் லைப்ரரியையே விட்டுவிட்டு முகவரியைத் தாங்களே கட்டிக் கூப்பிட்டு, வந்த பதிலைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டாவது வழியை நான் குறைத்து மதிக்க மாட்டேன். தேடலுக்கு மட்டும் என்றால் இருபது வரி நிரல் போதும்.

கட்டுப்பாடு உள்ள தளத்துக்கு லைப்ரரி எடுக்கும்போது நான் பார்ப்பது அது எந்தப் பொருளின் மேல் நிற்கிறது, அந்தப் பொருளை வெளியிலிருந்து மாற்றித் தர இடம் வைத்திருக்கிறார்களா என்பதைத்தான். பைசோலரில் செஷன் என்ற இடம் இருக்கிறது, உன் விருப்பப்படி அமைத்த ரிக்வெஸ்ட்ஸ் செஷனைக் கொடுக்கலாம். ரிக்வெஸ்ட்ஸ், சூழல் மாறியில் இருக்கும் ப்ராக்ஸி முகவரியைத் தானே படித்துக்கொள்ளும். எலாஸ்டிக்சர்ச் என்ற இன்னொரு தேடல் சர்வரின் பைத்தான் லைப்ரரி அப்படி இல்லை. அது இயல்பாக யூஆர்எல்லிப்3 மேல் நிற்கிறது, அந்த மாறியைக் கண்டுகொள்ளாது. அதே தளத்தில் பைசோலர் ஓடும், எலாஸ்டிக்சர்ச் ஓடாது, ஆள் தலையைப் பிய்த்துக்கொள்வார். ரிக்வெஸ்ட்ஸ் வகை நோடை (இணைப்புப் பகுதியை) குறிப்பிட்டுக் கொடுத்தால் தீரும். ஸ்னிஃபிங் என்ற வசதியையும் போட்டுவிடக் கூடாது. அது சர்வரிடம் "உன்னோடு வேறு யார் யார் இருக்கிறார்கள்" என்று கேட்டு, அவர்களின் உள்வலை முகவரிகளை வாங்கி வந்து அவற்றைக் கூப்பிடும். வெளியிலிருந்து அவை எட்டாது.

பல சர்வரில் ஓடும் சோலர்கிளவுட் பக்கம் போனால், அவற்றை ஒருங்கிணைக்கும் ஜூகீப்பர் வழியாக இணைப்பதைத் தவிர்த்துவிடு. பைசோலரின் அந்தப் பகுதி 2181இல் நேரடி டிசிபி இணைப்புக் கேட்கும். எச்டிடிபி ப்ராக்ஸி வழியாக அது போகாது.

சிப்புட்காரன் · வெள்ளி, மாலை 6.10

தளம் அனுமதித்துவிட்டது. நான்கு நாள் ஆனது. மரியாதையாகப் பதில் எழுதினார்கள். என்ஜின்எக்ஸ் 443, சோலர் உள்ளே, செலக்ட் பாதை மட்டும் திறப்பு, கடவுச்சொல். "ரப்பர்" என்று போட்டேன், 312 தாள் வந்தது! வாசிப்பறையில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

ஆனால் முழுசாகத் தீரவில்லை. இதைக் கேளுங்கள்.

மலாயில், ஆங்கிலத்தில் எத்தனை சொல் போட்டாலும் வருகிறது. தமிழில் ஒரு சொல், இரண்டு சொல் வருகிறது. "சுங்கை சிப்புட் கோயில் திருவிழா" என்று நான்கு சொல் போட்டால் 403. மூன்று சொல்லில் சிலது வருகிறது, சிலது 403. மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (சர்வருக்குள் நேராக நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக நேராக சோலரைக் கேட்டால் நான்கு சொல்லும் வருகிறது. தமிழை யாரோ வடிகட்டுகிற மாதிரி இருக்கிறது. நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது, இந்த வேலையே தமிழுக்காகத்தான்.

பால்மரம் · வெள்ளி, மாலை 6.45

அண்ணே, குறியாக்கமாக இருக்குமோ? ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. "கோயில்", "தோட்டம்" இரண்டிலும் அது வருகிறது. ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு அனுப்பிப் பாருங்கள்.

சிப்புட்காரன் · வெள்ளி, இரவு 7.30

மாற்றிப் பார்த்தேன். 403 போகவில்லை. ஆனால் தட்டச்சு செய்தவர்களில் ஒருவருடைய 900 பதிவுகள் பிரிந்த வடிவில் இருந்திருக்கின்றன. அவை இதுவரை தேடலில் வந்ததே இல்லை! எல்லாவற்றையும் என்எஃப்சிக்கு மாற்றி மறுபடி ஏற்றுகிறேன். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

தைப்பிங் மழை · வெள்ளி, இரவு 8.05

தம்பி, இது யாருடைய 403? அதை முதலில் கண்டுபிடி. போன வாரம் வந்தது "சர்வரோடு இணைக்க முடியவில்லை" என்று தொடங்கி உள்ளே ப்ராக்ஸி பிழை. இப்போது வருவது "சோலர் பிழையோடு பதில் தந்தது, எச்டிடிபி 403" என்று தொடங்குகிறதா? அப்படியானால் இணைப்பு உன் சர்வர் வரை போய்விட்டது.

யோசித்துப் பார். எச்டிடிபிஎஸ் டன்னல் போட்ட பிறகு ப்ராக்ஸிக்கு உள்ளே என்ன போகிறது என்று தெரியாது. டொமைன் பெயரும் போர்ட்டும் மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். தமிழா மலாயா, ஒரு சொல்லா நாலு சொல்லா என்று அதனால் பார்க்க முடியாது. உன் என்ஜின்எக்ஸ் பதிவேட்டைத் திற.

சிப்புட்காரன் · வெள்ளி, இரவு 8.40

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே "சோலர் பிழையோடு பதில் தந்தது" என்றுதான் இருக்கிறது. பதிவேட்டிலும் இருக்கிறது. வேலை செய்யும் தேடல் எல்லாம் கெட் (கேள்வி முகவரியிலேயே போவது), 200 (வெற்றி). விழும் தேடல் எல்லாம் போஸ்ட் (கேள்வி முகவரிக்கு வெளியே தனியாகப் போவது), 403. நான் எங்குமே போஸ்ட் அனுப்பச் சொல்லவில்லை. பதிவேற்றம்கூட மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத்தான் செய்கிறேன். அதனால்தான் என்ஜின்எக்ஸில் கெட் தவிர எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லி வைத்தேன்.

செம்பனை நிழல் · வெள்ளி, இரவு 9.20

கிடைத்துவிட்டது. போஸ்ட் அனுப்பியது பைசோலர்.

அதன் நிரலில் தேடல் செயல்பாட்டைத் திறந்து பாருங்கள். அளவுருக்களை எல்லாம் முகவரிக்கு ஏற்றபடி குறியாக்கிவிட்டு நீளத்தை எண்ணுகிறது. 1024க்குக் குறைவு என்றால் கெட். அதற்கு மேல் போனால் முகவரி ரொம்ப நீளம் என்று தானே போஸ்டுக்கு மாறிக்கொள்கிறது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

இப்போது தமிழைக் கணக்குப் போடுங்கள். "தோட்டம்" என்பதில் யூனிகோட் குறிகள் ஏழு: த, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகும், ஆக 63. மலாயில் "லாடாங்" என்று உரோமன் எழுத்தில் எழுதினால் 6.

உங்கள் நான்கு சொல்: சுங்கை 54, சிப்புட் 72, கோயில் 54, திருவிழா 72, நடுவில் மூன்று இடைவெளி. மொத்தம் 255. தலைப்பு, உரை, ஊர், குறிப்பு என நான்கு புலத்திலும் தேடச் சொல்லி அதே வரியை நான்கு முறை எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1020. புலப் பெயர்களும் ஹைலைட் அமைப்பும் சேர்ந்தால் 1024 தாண்டிவிடும். மூன்று சொல் அந்த எல்லையில் தடுமாறுகிறது, சொல் நீளத்தைப் பொறுத்து அப்படியும் இப்படியும் போகிறது. மடிக்கணினியில் ஏன் ஓடியது என்றால் எஸ்எஸ்எச் வழி என்ஜின்எக்ஸைத் தொடாமல் போகிறது.

ஆகவே தமிழை யாரும் தடுக்கவில்லை. மனசு விட்டுவிடாதீர்கள்.

தீர்வு இரண்டும் செய்யுங்கள். தேடும் வரியை ஒரே முறை அனுப்புங்கள். சோலரில் ஈடிஸ்மேக்ஸ் என்ற தேடல் வரிப் பிரிப்பானைப் போட்டு, எந்தெந்தப் புலத்தில் தேட வேண்டும், எதற்கு எவ்வளவு எடை, ஹைலைட், எத்தனை முடிவு என்பதையெல்லாம் சோலரின் செலக்ட் அமைப்பிலேயே இயல்பு மதிப்பாக எழுதி வைத்துவிடுங்கள். வலையில் போவது வாசகர் தட்டிய சொற்கள் மட்டும். நான்கு சொல் 300க்குள் முடிந்துவிடும். பள்ளி நூலகத்துக்கும் அதுவே நல்லது, அவர்கள் நிரலிலும் இந்த அமைப்பைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

அப்புறம் செலக்ட் பாதைக்கு மட்டும் போஸ்டையும் அனுமதியுங்கள். யாராவது ஒரு முழுப் பத்தியை ஒட்டித் தேடுவார்கள். கெட்டிலேயே வைத்தால் 8 கேபியில் என்ஜின்எக்ஸ் 414 (முகவரி மிக நீளம்) என்று நிறுத்தும், சோலருக்குள் இருக்கும் ஜெட்டி வலைச் சர்வரிலும் தலைப்புப் பகுதிக்கு 8192 பைட்தான் இயல்பு எல்லை. தமிழில் அது 900 குறிதான் பிடிக்கும். அப்டேட் பாதை மூடியே இருக்கட்டும்.

கெடாக்காரன் · வெள்ளி, இரவு 9.50

இந்தக் கணக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் சோதித்து எழுதும் லைப்ரரிகளில் 1024 என்பது எட்டாத எல்லையாகத் தெரியும். நமக்கு அது நான்கு சொல். தமிழ்த் தேடல் செய்யும் எல்லோரும் தங்கள் லைப்ரரியில் இப்படி ஒரு எண் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிப்புட்காரன் · சனி, மதியம் 1.15

ஓடுகிறது. நான்கு சொல், ஏழு சொல், ஒரு பத்தி, எல்லாம் ஓடுகிறது. செம்பனை அண்ணே, தைப்பிங் அக்கா, பால்மரம் தம்பி, கெடா அண்ணே, எல்லோருக்கும் வாசிப்பறை சார்பில் நன்றி.

பின்னால் வருபவர்களுக்காக ஒன்று குறித்து வைக்கிறேன். பைசோலர் இயல்பாக 60 விநாடி காத்திருக்கும். சோலர் விழுந்து கிடந்தால் வாசகரும் ஒரு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 5 விநாடியாகக் குறைத்து, பதில் வரவில்லை என்றால் எஸ்கியூலைட் கோப்பில் தேடும்படி வைத்துவிட்டேன். நேற்றிரவு வேண்டுமென்றே சோலரை நிறுத்திப் பார்த்தேன், பக்கம் நிற்கவில்லை.

இப்போது இணைச்சொல் பட்டியலில் இறங்கியிருக்கிறேன். இதுவரை பெயர் மாறிய ஊர்களில் இவை: போர்ட் சுவெட்டன்ஹாம் = போர்ட் கிள்ளான் (1972), தெலுக் அன்சன் = தெலுக் இந்தான் (1982), பத்தாங் பெர்ஜுந்தை = பெஸ்தாரி ஜெயா (2007). உங்கள் வட்டாரத்துப் பழைய பெயர்கள் தெரிந்தால் எழுதுங்கள். அரசாங்கப் பெயர் மட்டும் வேண்டாம், தோட்டத்தில் வழங்கிய தமிழ்ப் பெயரும் வேண்டும்.

செம்பனை நிழல் · சனி, மதியம் 2.00

அன்சன் என்பதை எங்கள் அப்பா காலத்துக் கடிதங்களில் "அஞ்சன்", "ஆன்சன்" என்றும் எழுதியிருக்கிறார்கள். மூன்றையும் போடுங்கள். இவை இரண்டு சொல் பெயர்கள் என்பதால் சினானிம் கிராஃப் என்ற இணைச்சொல் வடிகட்டியைத் தேடும் பக்கத்தில் மட்டும் வையுங்கள், ஏற்றும் பக்கத்தில் வேண்டாம். அப்படி வைத்தால் பட்டியலில் ஒரு பெயர் சேர்க்கும்போது 11,400 தாளையும் திரும்ப ஏற்ற வேண்டியிருக்காது, தொகுப்பை மறுபடி திறந்தால் போதும்.

கெடாக்காரன் · சனி, மாலை 5.30

புரோவின்ஸ் வெல்லெஸ்லி = செபராங் பிறை. எங்கள் பாட்டி பக்கத்துத் தாள்களில் வெறும் "பிறை" என்றும் இருக்கும். ஆனால் தனியாகப் "பிறை" என்பதை இணைச்சொல்லாக வைக்காதீர்கள். கோயில் அழைப்பிதழ்களில் நிலாப் பிறை நிறைய வரும், பிறைசூடனும் வருவார். ஊர்ப் புலத்தில் மட்டும் அந்த இணைப்பு வேலை செய்யும்படி வையுங்கள்.

சிப்புட்காரன் · சனி, இரவு 9.10

சரி அண்ணே. ஊர்ப் புலத்துக்குத் தனிப் பட்டியல் பிரித்துவிட்டேன். "பிறை" அதில் மட்டும் இருக்கிறது. உரையில் தேடினால் 41 அழைப்பிதழ், ஊரில் தேடினால் 6 தாள். அந்த ஆறில் ஒன்று பிறையிலிருந்து எங்கள் ஊருக்குப் பெண் எடுத்த கல்யாணப் பத்திரிகை, இன்றுதான் முதல் முறையாகத் தேடலில் வந்தது.